பத்து மணிக்கு ஓயும் மைக் செட், ஆறரைக்கே அடையும் பறவை

இரவு பத்து மணிவரை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் மைக் செட் வைக்கலாம், பத்துக்கு மேல்தான் போலீஸ் வரும் என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். சவுண்ட் சர்வீஸ்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். சட்டத்தில் அப்படி இல்லை. பகலிலும் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும், பகலிலும் அளவு உண்டு. பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது மனிதர்களின் தூக்கத்தைப் பற்றிய விஷயம் மட்டும் என்றால் இத்தோடு முடித்துவிடலாம். சென்னையில் அப்படி முடிவதில்லை. கிண்டியில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா. சுவருக்கு அந்தப் பக்கம் வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன, இந்தப் பக்கம் பஸ் ஹாரன். தெற்கே போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஐ.டி. கட்டடங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பூநாரையும் கூழைக்கடாவும் இரை தேடுகின்றன. அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு திறந்தவெளி மண்டபத்தில் கல்யாண வரவேற்பு நடக்கிறது, டிஜே வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பறவைகளுக்காக யாரிடம் போய்ச் சொல்வது? போலீஸா, வனத்துறையா, மாநகராட்சியா?

சத்தத்துக்கு ஒரு மேசை, வன உயிரினத்துக்கு ஒரு மேசை. இரண்டிலும் சட்டம் இருக்கிறது, அதிகாரியும் இருக்கிறார். ஒரு மேசையின் கோப்பு இன்னொரு மேசைக்குப் போக வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. நம் ஊரில் இந்த விஷயத்தில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

ஒலிபெருக்கி அனுமதி என்றால் என்ன

முதலில் சத்தத்தின் மேசை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000 பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் பொருந்துவது இதுதான். ஊரை நான்கு வகையாகப் பிரிக்கச் சொல்கிறது. தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப் பகுதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றிய அமைதி மண்டலத்தில் 50, 40. காலை ஆறு முதல் இரவு பத்து வரை பகல். மீதி எட்டு மணி நேரம் இரவு.

55 டெசிபல் என்பது இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவுக்கும் சற்றுக் கீழே. சென்னையின் எந்தப் பிரதான சாலையோரக் குடியிருப்பிலும் ஒலிபெருக்கியே இல்லாமல் வெறும் போக்குவரத்தாலேயே அது தாண்டிவிடும். இது தெரிந்துதானோ என்னவோ, ஒலிபெருக்கிக்கு விதி கொஞ்சம் இடம் கொடுக்கிறது. பொது இடத்தின் எல்லையில் அளந்தால் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் வரை கூடுதலாக இருக்கலாம், அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அது. தனியார் இடமென்றால் 5 டெசிபல்தான் கூடுதல். ஆக, குடியிருப்புப் பகுதியில் தெருமுனைக் கூட்டத்துக்கு உச்சவரம்பு 65, கடைவீதியில் 75. மேடைக்கு எதிரில் நின்று அளப்பதில்லை, எல்லையில் நின்று அளக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. அளக்கும் கருவியோடு வரும் அதிகாரியையும் அடிக்கடி பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

அனுமதி தருவது யார்? விதியில் ‘அதிகாரம் பெற்றவர்’ என்றால் மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி என்ற வரிசை. நடைமுறையில் விண்ணப்பம் உள்ளூர் காவல் நிலையத்தில்தான் தொடங்குகிறது. இடம், தேதி, நேரம், எத்தனை ஸ்பீக்கர், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். திரும்பி வரும் தாளில் நிபந்தனைகள் இருக்கும். கூம்பு ஸ்பீக்கர் கூடாது, பெட்டி ஸ்பீக்கர்தான் வைக்க வேண்டும் என்ற வரி தமிழ்நாட்டில் ஏறக்குறைய நிரந்தரமாகிவிட்டது. கூம்பு சத்தத்தை ஒரே திசையில் தொலைதூரத்துக்குத் தள்ளும், அதனால் அந்த எச்சரிக்கை. இந்த ஒரு வரி தற்செயலாகப் பறவைகளுக்கும் நல்லது செய்கிறது, எழுதியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

மாநகராட்சிக்கு இதில் வேலை குறைவு. ‘கார்ப்பரேஷனில் புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் கதவை மாற்றித் தட்டியவர்கள். ஆனால் விதியில் ஒரு வரி மாநகராட்சிக்கும் இருக்கிறது. வளர்ச்சித் திட்டங்களைத் தீட்டும்போது உள்ளாட்சி அமைப்புகளும் நகர வளர்ச்சிக் குழுமங்களும் ஒலி மாசையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஏரிக்கரையில் ஒரு திறந்தவெளி மண்டபத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி இது. மண்டபம் வந்த பிறகு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் போலீஸைக் கூப்பிடுவதில் பயனில்லை.

இரவு பத்துக்கு மேல் மூடிய அரங்குக்குள் மட்டும் ஒலிபெருக்கிக்கு இடமுண்டு. திருவிழா, கலை விழா நாட்களுக்கு மாநில அரசு நினைத்தால் பத்திலிருந்து பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டு முழுவதும் சேர்த்து 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. இந்தத் தளர்வு இரவின் முன்பகுதிக்கு மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மார்கழி அதிகாலை நாலரைக்குக் கோபுரத்திலிருந்து ஒலிக்கும் பாட்டு இதில் வராது. ஆறு மணிக்கு முன்னால் எல்லாமே விதிப்படி இரவு. எந்த வழிபாட்டுத் தலமானாலும் கணக்கு ஒன்றுதான்.

வழிபாடும் சத்தமும் மோதிய வழக்குகளில் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று சென்னையிலிருந்தே போனது. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கத்துக்கும் அங்கிருந்த ஒரு தேவாலயத்துக்கும் இடையிலான வழக்கு. பிரார்த்தனையை ஒலிபெருக்கியோடும் மேளத்தோடும்தான் நடத்த வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. அளந்து பார்த்தபோது சாலையில் ஓடும் வண்டிகளின் இரைச்சலும் அதில் கலந்திருந்தது தெரிந்தது. யார் சத்தம் எது என்று பிரிப்பது அன்றைக்கும் தலைவலி, இன்றைக்கும் தலைவலி.

2010இல் விதிகள் இன்னும் இறுகின. இரவில் குடியிருப்புப் பகுதியில் ஹாரன் அடிக்கக் கூடாது, சத்தம் போடும் கட்டுமான இயந்திரம் ஓடக் கூடாது. அமைதி மண்டலத்திலும் இரவு நேரத்திலும் வெடி கூடாது. இரவு நேரக் கட்டுப்பாட்டை யாராவது மீறினால், கருவியில் அளந்து 10 டெசிபல் கூடியிருப்பதைக் காட்ட வேண்டிய அவசியமில்லாமலே புகார் கொடுக்கலாம். பகலில்தான் அந்தக் கணக்கு வேண்டும். புகார் கொடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தண்டனையும் மாறியிருக்கிறது. முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது. அந்தப் பிரிவைக் காட்டி ஒரு மைக் செட்காரரைச் சிறைக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது, அதனால் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை எடுத்துவிட்டு, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வனத்துறையின் மேசையில் டெசிபல் இல்லை

இப்போது அடுத்த மேசை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால் எங்கும் டெசிபல் கணக்கு கிடையாது. அது வேறு மாதிரி யோசிக்கிற சட்டம். எந்த உயிரினம், எந்த இடம், அதற்கு என்ன செய்தாய் என்று கேட்கும்.

‘வேட்டை’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள் நாம் நினைப்பதைவிட அகலம். கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, விரட்டுவதும் வேட்டைதான். பறவை, ஊர்வன என்றால் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் வேட்டை. சரணாலயத்துக்குள் எந்தக் காட்டு விலங்கையும் சீண்டக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. உயிரினங்களுக்குக் கேடு விளைவிக்கும் ரசாயனம், வெடிபொருள் கூடாது என்கிறது 32ஆம் பிரிவு. இவை தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். கிண்டிப் பூங்காச் சுவருக்குள் ஒருவர் வெடி கொளுத்திப் போட்டால் ரேஞ்சர் நேரடியாக வழக்குப் போடலாம்.

சுவருக்கு வெளியே நின்று போட்டால்? அங்கேதான் சிக்கல். கூட்டுக்குத் ‘தொந்தரவு’ என்ற சொல்லுக்குள் ஐந்நூறு மீட்டர் தள்ளி ஒலித்த டிஜேவைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிரூபிப்பது லேசான காரியமில்லை. எந்தக் கூடு, எந்தப் பறவை, எந்த நேரத்தில் எழுந்து போனது, அதற்கு இந்தச் சத்தம்தான் காரணமா என்று வரிசையாகக் கேள்வி வரும்.

பள்ளிக்கரணை இன்னும் சிக்கலான இடம். 2007இல் அதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு ஆக்கினார்கள். 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலமாக, உலகப் பட்டியலில் ஏறியது. பெயர் பெரிதுதான். ஆனால் சரணாலயம் வேறு, காப்புக்காடு வேறு, ராம்சார் தலம் வேறு. சதுப்பு நிலங்களுக்கென்று உள்ள 2017 விதிகள் ஆக்கிரமிப்பு, குப்பை, கழிவுநீர், நிரந்தரக் கட்டடம் ஆகியவற்றைத் தடுக்கின்றன. ஸ்பீக்கரைப் பற்றி அவற்றில் ஒரு சொல் இல்லை.

ஆக, நாம் மேலே சொன்ன கல்யாண வரவேற்புக்கு என்ன கணக்கு? அந்த இடம் வணிகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் தனியார் மண்டபத்தின் எல்லையில் 70 டெசிபல் வரை போகலாம். அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஒலிபெருக்கியே கூடாது. எதிரில் இருப்பது சதுப்பு நிலமா, கார் ஷோரூமா என்பதால் அந்தக் கணக்கு மாறாது. நான்கு வகைகளில் ‘உயிரினங்கள் வாழும் இடம்’ என்று ஒரு வகை இல்லை.

சரி, சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் என்று அறிவிக்கிறார்களே, அங்கே சத்தத்துக்குக் கட்டுப்பாடு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த அறிவிக்கைகளில் ஒலி மாசு பற்றி ஒரு பத்தி தவறாமல் வரும். அதைப் படித்தால், ‘2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கட்டுப்படுத்த வேண்டும்’ என்ற பொருளில்தான் இருக்கும். சுற்றிச் சுற்றி அதே நான்கு வகைக்கும் மனிதக் காதுக்கான அதே டெசிபலுக்கும்தான் வந்து சேர்கிறோம்.

யாருடைய காது

மனிதக் காது என்று நான் சும்மா சொல்லவில்லை, விதியே அப்படித்தான் சொல்கிறது. அட்டவணையின் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: இந்த டெசிபல், மனிதச் செவிக்குப் பொருந்தும் ‘ஏ’ அளவுகோலில், நேரத்தால் சராசரி எடுத்த அளவு. முன்னுரையும் மனிதர்களின் உடல்நலம், மனநலம் என்றுதான் பேசுகிறது. சத்தத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைத் தரும் 8ஆம் விதியிலும் பொதுமக்களுக்கோ அருகில் வசிப்பவருக்கோ ஏற்படும் இடைஞ்சல்தான் காரணம். வேடிக்கை என்னவென்றால், இந்த விதிகளுக்குத் தாயான 1986 சட்டம் ‘சுற்றுச்சூழல்’ என்பதை விளக்கும்போது மனிதர்களோடு பிற உயிரினங்களையும் தாவரங்களையும் நுண்ணுயிரிகளையும்கூடச் சேர்த்தே சொல்கிறது. தாய்ச் சட்டத்தில் இருந்த பறவை விதிக்கு வரும்போது பறந்துவிட்டது.

‘சராசரி’ என்ற சொல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் விதிகளும் ஏற்றுக்கொண்ட அளவுப்படி ஒரு வெடி, நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சத்தம் எழுப்பலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், நூறு மடங்கு தூரத்தில் 40 குறையும். அதாவது 400 மீட்டர் தள்ளி இருக்கும் மரத்தில் தோராயமாக 85 டெசிபல். இப்போது 45 டெசிபல் அளவில் அமைதியாக இருக்கும் எட்டு மணி நேர இரவில் அந்த 85 ஒரு நொடி மட்டும் வந்து போகிறது. இரவு முழுவதற்குமான சராசரியைக் கணக்குப் போட்டால் 46ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அறிக்கையில் அந்த இரவு ஏறக்குறைய அமைதியான இரவு. மரத்தில் அடைந்திருந்த பறவைக்கு?

நெதர்லாந்தில் வானிலை ராடாரை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. புத்தாண்டு நள்ளிரவில் வெடி தொடங்கிய சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்து, ஐந்நூறு மீட்டர் உயரம் வரை போய், நெடுநேரம் இருட்டில் சுற்றியது ராடாரில் தெரிந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பீபி என்ற சிற்றூரில் 2010 டிசம்பர் 31 இரவு நடந்தது இன்னும் மோசம். வெடிச்சத்தத்தில் அடைவிடத்திலிருந்து பதறி எழுந்த ஆயிரக்கணக்கான கருங்குருவிகள் வீடுகளிலும் மரங்களிலும் மோதிச் செத்து விழுந்தன. அந்தப் பறவைகளுக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. எழுப்பிவிட்டால் அவ்வளவுதான்.

தொடர் இரைச்சலின் பாதிப்பு வேறு வகை. நெதர்லாந்தின் லைடன் நகரில் சத்தமான தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவி இனம் ஒன்று, போக்குவரத்தின் தாழ்ந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று உச்ச ஸ்தாயியில் பாடுவதை 2003இல் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பறவையாலும் இப்படிச் சமாளிக்க முடியாது.

நேரமும் இடிக்கிறது. விதியின் இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. கொக்கும் நாரையும் அரிவாள் மூக்கனும் ஆறு, ஆறரைக்கே கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்துக்குத்தான் நம் ஊரில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ தொடங்குகிறது. ஆறரையிலிருந்து பத்து வரை விதிப்படி அது பட்டப்பகல். பருவமும் அப்படியே. வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது நவம்பரிலிருந்து மார்ச் வரை. கார்த்திகை, மார்கழி, புத்தாண்டு, பொங்கல், தை, மாசித் திருவிழாக்கள் எல்லாம் அதே மாதங்களில். தீபாவளி வாசலில் நிற்கிறது.

தீபாவளிக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது, சரவெடியையும் தடை செய்தது. முதலில் இரவு எட்டிலிருந்து பத்து என்றிருந்தது. இங்கே விடியற்காலைதானே தீபாவளி என்று தமிழ்நாடு போய்க் கேட்க, நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி வந்ததுதான் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் தெருவில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்துக்கு முன்னால் ஊர்

இந்த இடைவெளியைச் சில ஊர்கள் எந்த விதிக்கும் காத்திராமல் தாங்களே அடைத்துக்கொண்டன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. சரணாலயமாக அறிவித்தது 1977இல். அங்குள்ள கிராமத்தார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழா, கல்யாணம், சாவு எதற்கும் கிடையாது. தீபாவளியன்று வனத்துறைக்காரர்கள் ஊருக்குப் போய் இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கமாகியிருக்கிறது. அபராதம் போடும் துறை இனிப்புப் பெட்டியோடு வருவது அரிதான காட்சிதான். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் இப்படித்தான், கூழைக்கடாக்களும் நாரைகளும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும் ஊர் அது.

வேடந்தாங்கலில் கதை இன்னும் பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் போய்ச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்த காலம். அவர்களுடைய காரணம் வெறும் இரக்கமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும். இப்போது அங்கே ஏரி மட்டுமல்ல, அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரம் முழுவதும் சரணாலயம். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். மீதியெல்லாம் வயல், வீடு, கோயில், கடை. சரணாலயத்துக்குள்ளேயே குடியிருக்கிறவர்களின் திருவிழாவுக்குச் சட்டத்தை வரிக்கு வரி பொருத்த முடியாது, ஊர்க் கட்டுப்பாடுதான் அங்கே பெரும்பாலும் வேலை செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வௌவால்கள். திருச்சி மாவட்டத்தில் தோப்புப்பட்டி, சாம்பட்டி என்ற ஊர்களில் பழைய ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களுக்காக வெடியைக் கைவிட்டிருக்கிறார்கள். வன உயிரினச் சட்டத்தில் அந்த வௌவால் என்னவாக இருந்தது தெரியுமா? ஓரிரு அரிய இனம் நீங்கலாகப் பழந்தின்னி வௌவால்கள் எல்லாம் காக்கை, எலி, சுண்டெலியோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில், கேடு செய்யும் உயிரினம் என்ற பட்டியலில். யார் வேண்டுமானாலும் கொல்லலாம். 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த அட்டவணையே ஒழிந்தது. சட்டம் எலியோடு சேர்த்து வைத்திருந்த காலமெல்லாம் ஊர்க்காரர்கள் தீபாவளியை விட்டுக்கொடுத்து அதைக் காத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. கோவைப் பக்கம் தோட்டத்துக்குள் யானை வந்தால் வனத்துறையினரே வெடி வெடித்துத்தான் காட்டுக்குள் திருப்புகிறார்கள். சத்தம் உயிரினத்தை எவ்வளவு தூரம் அசைக்கும் என்று அந்தத் துறைக்குத் தெரியாமல் இல்லை.

ஊர்க் கட்டுப்பாடு நகரத்துக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொள்ளுகுடிப்பட்டியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கண்மாயும் எல்லோருக்கும் பொது. வேளச்சேரியில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் ஒரு ராத்திரிக்கு வந்து போகிறவர். அவரிடம் எதையாவது எதிர்பார்த்தால் அது அனுமதித் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

எந்தக் கதவை எப்போது தட்டுவது

அதற்கு வழி இல்லாமல் இல்லை. அமைதி மண்டலம் என்றதும் ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் மட்டும் நினைவுக்கு வரும். ஆனால் அட்டவணைக் குறிப்பில் ‘அதிகாரம் பெற்றவர் அவ்வாறு அறிவிக்கும் வேறு எந்தப் பகுதியும்’ என்றும் இருக்கிறது. ஒரு பறவை அடைவிடத்தையோ சதுப்பு நிலத்தின் விளிம்பையோ இந்த வரியின் கீழ் கொண்டுவர மாநில அரசுக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த திருத்தம், மாநில அரசு குறிப்பாக அறிவிக்காதவரை எந்த இடமும் தானாக அமைதி மண்டலம் ஆகாது என்று மாற்றியது. மருத்துவமனைகளுக்கு அது பின்னடைவு என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. பறவைகளுக்கு அதனால் புதிதாக இழப்பு ஒன்றும் இல்லை, அவற்றுக்குத் தானாகக் கிடைத்த மண்டலம் முன்பும் கிடையாது. எப்படியானாலும் அறிவிக்கை ஒன்று வேண்டும்.

அதைவிடச் சுலபமானது அனுமதித் தாளில் சேர்க்கும் நிபந்தனை. கூம்பு ஸ்பீக்கர் கூடாது என்று எழுத முடிந்த அதிகாரியால், ஸ்பீக்கர் ஏரியைப் பார்த்து இருக்கக் கூடாது, தாழ்ந்த ஸ்தாயியில் அதிரும் பாஸ் பெட்டி கரையிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஜெனரேட்டர் கூண்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் எழுத முடியும். வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. கேட்டே ஆக வேண்டும் என்று விதி இல்லாததால் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்றும் விதி இல்லை.

பறவைக்காகப் புகார் கொடுக்க நினைப்பவர்கள் செய்யும் தவறு, சத்தம் தொடங்கிய பிறகு போன் செய்வது. அந்த நேரத்தில் 100க்கு அழைத்தால் ரோந்து வண்டி வரும், ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்று சொல்லும், போகும். வண்டி திரும்பியதும் சத்தமும் திரும்பும். வனத்துறைக்கு அழைத்தால் மண்டபம் எங்கள் எல்லையில் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. போலீஸிடம் பறவை என்று மட்டும் சொன்னால் எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவர் விழிப்பார். எனவே சத்தத்துக்கான புகாரை மனிதக் காரணத்தோடு, இரவு நேர மீறலாக இருந்தால் அதைக் குறிப்பிட்டு, காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுப்பதே பயன் தரும். கூடு கலைந்தது, குஞ்சு விழுந்தது, பறவைகள் இரவில் எழுந்து பறந்தன என்பவற்றைத் தேதி, நேரம், வீடியோவோடு மாவட்ட வன அலுவலருக்கோ வன உயிரினக் காப்பாளருக்கோ தனியாக எழுத வேண்டும். இரண்டு கடிதத்திலும் மற்றதன் நகல் இணைக்கப்பட்டால், இரண்டு மேசைகளும் முதல்முறையாக ஒரே விஷயத்தைப் பார்க்கும். அளவு பற்றிய தகராறு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் போகட்டும். போனில் இறக்கிய டெசிபல் செயலி ஓர் ஊகத்துக்குத்தான் உதவும், வழக்கில் நிற்காது.

திருவிழாவும் முகூர்த்தமும் திடீரென்று வருபவை அல்ல, காலண்டரில் இருக்கின்றன. கூடு கட்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பே, அக்டோபர் வாக்கில், குடியிருப்போர் சங்கம் ஒன்று காவல் உதவி ஆணையருக்கும் வனச்சரகருக்கும் சேர்த்து ஒரு மனு கொடுத்தால் அதைப் படிக்க அவர்களுக்கு நேரமிருக்கும். அதோடு ஒரு வேலை. சென்ற ஆண்டு அதே மண்டபத்துக்கும் அதே தெருவுக்கும் எத்தனை ஒலிபெருக்கி அனுமதி வழங்கப்பட்டது, என்ன நிபந்தனைகள் போடப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்குப் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. அனுமதியே வாங்காமல் நடந்த நிகழ்ச்சிகள் எத்தனை என்பது பெரும்பாலும் அந்தப் பதிலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.